ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பென்னி

பழைய பொருள்களைத் தேடிச் சேர்ப்போர் பலவகைப்படுவர். முத்திரை சேர்ப்போர், நாணயம் சேர்ப்போர், சாவி கொடுக்கும் கடிகாரம் சேர்ப்போர் என்று அந்தப் பட்டியல் நீளும். இவர்களுள் நம்மவரிடையே அதிகம் பேசப்படாத ஒரு சிறு கூட்டத்தார் உளர். அவர்கள் வால்வு வானொலிகளைச் சேர்ப்போர். அதிலும், கூடத்து மேசைமீது கம்பீரமாக வீற்றிருந்த பெரிய பெட்டிகளை விட்டுவிட்டு, கைபிடி பூட்டி, வேண்டிய இடத்துக்குத் தூக்கிச் செல்லும்படி செய்யப்பட்ட வால்வு வானொலிகளை மட்டும் நாடித் திரிவோர். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இத்தகையோர் தமக்கெனச் சங்கங்கள் அமைத்து, பழைய சாமான் சந்தைகளிலும் ஏலங்களிலும் இவற்றைத் தேடுகிறார்கள்.

வானொலியிலே இலக்கியம் பேசும் ஓரிடத்தில் பெட்டியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். ஏட்டைப் பற்றிப் பேசாமல் இலக்கிய வரலாறு எழுத முடியாது. எந்த ஓலையில், எவர் கையால், எவர் செலவில் எழுதப்பட்டது என்பதெல்லாம் நூலின் வரலாற்றோடு சேர்ந்தவையே. அவ்வாறே குரலின் வரலாற்றை எழுதப் புகுந்தால், அந்தக் குரல் எந்தப் பெட்டியில், எவர் செலவில் வந்து சேர்ந்தது என்று பார்க்கத்தான் வேண்டும்.

இந்தச் சிறு பெட்டிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் முகப்பையே வர்ணிப்பர். பேக்கலைற்றின் பளபளப்பு, முதலைத் தோல் போன்ற உறை, பித்தளை எழுத்து, வட்ட வடிவமான அலைமுகப்பு என்று அந்த வர்ணனை போகும். ஆனால் இவற்றின் வரலாறு எழுதப்பட்டிருக்கும் இடம் பெட்டியின் பின்புறமாகும். மூடியைத் திறந்து, பற்றரி வைக்கும் அறையைப் பார்த்தால் போதும். யார் கேட்டார்கள், எவ்வளவு நேரம் கேட்டார்கள், எவர் கேட்க முடியாமற் போனார்கள் என்ற மூன்றுக்கும் அந்த அறையே விடை சொல்லும்.

இதை விளங்கிக்கொள்ள வால்வு வேலைசெய்யும் முறையைச் சற்றே அறிந்திருத்தல் நல்லது. வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். அதனுள்ளே மெல்லிய இழை ஒன்று உண்டு. மின்னோட்டத்தால் அந்த இழை சூடேறும்போது அதிலிருந்து இலத்திரன்கள் வெளிப்படும். எதிரே நேரேற்றம் பெற்ற தகடு ஒன்று நின்று அவற்றைத் தன்பால் இழுக்கும். 1904 இல் இங்கிலாந்தில் பிளெமிங் இதனை ஒரு கருவியாக்கினார். 1906 இல் அமெரிக்கரான லீ டி ஃபொரெஸ்ற் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே நெய்யரி எனப்படும் சிறு கம்பி வலை ஒன்றைச் சேர்த்தார். நெய்யரியில் ஏற்படும் சிறு அசைவு தகட்டிலே பெரிய அசைவாக வெளிப்படும். காற்றில் வரும் நலிந்த அலை ஒலிபெருக்கியில் மனிதக் குரலாகப் பெருகுவது இந்த வித்தையால்தான்.

இந்த வித்தைக்கு ஒரு செலவு உண்டு. இழையைச் சூடாக்க ஒரு பற்றரி வேண்டும். அது குறைந்த அழுத்தமும் கூடிய ஓட்டமும் தருவது. தகட்டுக்கு வேறொரு பற்றரி வேண்டும். அது 45, 67½, 90 வோல்ற் என்று உயர்ந்த அழுத்தம் தருவது. முன்னதை ஏ பற்றரி என்றும் பின்னதை பீ பற்றரி என்றும் அழைத்தனர். மின்சாரம் உள்ள வீட்டில் இது ஒரு பிரச்சினையே அன்று. சுவரிலுள்ள துவாரத்தில் செருகிவிட்டால் முடிந்தது. ஆனால் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியதும், கேட்கும் ஒவ்வொரு நிமிடமும் கடையில் வாங்கிய ஒரு பொருள் தேய்ந்துகொண்டே போகும். பாட்டும் செய்தியும் காற்றில் இலவசமாக வந்தன. அவற்றைக் கேட்பதற்கே விலை இருந்தது.

1922 இல் வெளிவந்த டபிள்யூ.டி. 11 என்னும் வால்வு, ஒரே ஒரு உலர்மின்கலத்தில் எரியக்கூடியதாக அமைந்தது. அதற்கு முன்னைய வால்வுகளுக்கு மோட்டார் வண்டியில் வைக்கும் அமிலப் பற்றரி போன்ற பாரமான பற்றரி தேவைப்பட்டது. கையில் எடுத்துச் செல்லும் வானொலி என்ற எண்ணமே இத்தகைய உலர்மின்கல வால்வுகளோடுதான் வலுப்பெற்றது.

1923 டிசெம்பர் முதலாந் திகதி எட்வின் ஆம்ஸ்ட்ரோங் என்னும் வானொலி விஞ்ஞானி திருமணம் செய்துகொண்டார். மணமகள் மரியன் மக்கினிஸ், ஆர்.சி.ஏ. கம்பனியின் பெருந்தலைகளில் ஒருவரான டேவிட் சார்னொவ்வின் செயலாளராக இருந்தவர். மணமகளுக்கு ஆம்ஸ்ட்ரோங் கொடுத்த பரிசு, தாம் கண்டுபிடித்த சூப்பர் ஹெற்றரோடைன் முறையில் தாமே செய்த ஒரு கைப்பெட்டி வானொலி. புளோரிடாவின் கடற்கரை மணலில் அந்தப் பெட்டியை நடுவில் வைத்து இருவரும் அமர்ந்திருக்கும் புகைப்படம் வானொலி வரலாறு பேசும் நூல்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. பாரமான பெட்டி, பெரிய ஒலிபெருக்கிப் புனல், பக்கத்தில் புதுமணப் பெண். இந்த வகை வானொலியின் தொடக்கமே ஒரு வசதி படைத்தவரின் அன்புப் பரிசாக அமைந்தது. கடற்கரையில் இருந்துகொண்டு உலகத்தைக் கேட்பது அன்று எவர்க்கும் வாய்க்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை.

1938 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் 1.4 வோல்ற்றில் எரியும் வால்வு வரிசை ஒன்று வந்தது. ஓர் இழைக்கு 50 மில்லி அம்பியர் போதும். அதன்பின் கைபிடி வைத்த வானொலிகள் சந்தையில் பெருகின. 1940 இல் ஆர்.சி.ஏ. கம்பனி, சுண்டுவிரல் நீளமுள்ள சிறு வால்வுகளை அறிமுகப்படுத்தி, பி.பி. 10 என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. கெமரா ஒன்றைத் தோளில் மாட்டுவது போல மாட்டிக்கொள்ளலாம். மூடியைத் திறந்தால் பாடும், மூடினால் நிற்கும். உள்ளே 1ஆர்5, 1ரி4, 1எஸ்5, 1எஸ்4 என்னும் நான்கு வால்வுகள். இழைகளுக்கு ஒரு ரோச் பற்றரி, தகடுகளுக்கு 67½ வோல்ற் பற்றரி. நான்கு இழைகளும் சேர்ந்து 250 மில்லி அம்பியர் வரை உறிஞ்சின. அக்காலத்து ரோச் பற்றரி இதனைச் சில மணித்தியாலங்களுக்குமேல் தாங்காது. ஓர் உல்லாசப் பயணத்துக்கு ஒரு பற்றரி என்று வைத்துக்கொள்ளலாம். மூடியையே ஆளியாக அமைத்ததில் அழகு மாத்திரமன்றி ஒரு சிக்கனமும் இருந்தது. அணைக்க மறந்து மூடிவைக்க வழியில்லை.

இதே காலத்தில் சிக்காகோ நகரின் ஸெனித் கம்பனியில் மற்றொரு கனவு உருவாகியது. அதன் தலைவர் கொமாண்டர் யூஜீன் மக்டொனால்ட் படகோட்டத்தில் பெருவிருப்புள்ளவர். 1925 இல் வடதுருவப் பகுதிக்குச் சென்ற மக்மிலன் குழுவில் கப்பல் ஒன்றைத் தாமே நடத்திச் சென்று, சிற்றலையின் ஆற்றலை நேரிற் கண்டவர். நடுக்கடலிலும் தொலைதூர நிலையங்களைக் கேட்கக்கூடிய கைப்பெட்டி ஒன்று வேண்டுமென்று தம் பொறியியலாளரை ஏவினார். 1941 - 42 இல் வெளிவந்த ட்ரான்ஸ் ஓஷனிக் என்னும் பெட்டி அவ்வாறு பிறந்ததே. விலை 75 டொலர். சிற்றலைகளைத் தனித்தனிப் பட்டைகளாக விரித்துக் காட்டும் பொத்தான்கள் அதிலிருந்தன. கழற்றி எடுத்து, புகையிரதத்தின் சாளரக் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் உணர்கொம்பும் இருந்தது.

அந்தப் பெட்டியின் ஒலிபெருக்கித் துணியில் முதலில் ஒரு பாய்மரப் படகு பின்னப்பட்டிருந்தது. 1941 டிசெம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியபின், படகு மறைந்து அந்த இடத்தில் குண்டுவீச்சு விமானம் ஒன்று ஏறியது. 1942 ஏப்ரலோடு பொதுமக்களுக்கான உற்பத்தியே நின்றது. படகு உள்ளதும் விமானம் உள்ளதுமான இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் சேகரிப்பாளர், ஒரு நாட்டின் மனநிலை மாறியதை அந்தச் சிறு துணித்துண்டிலே கண்டுகொள்கிறார். நூலகத்தில் பல நாள் தேடினாலும் இவ்வளவு சுருக்கமான சான்று கிடைத்தல் அரிது.

போர் இந்தச் சிறு வால்வுகளுக்கு வேறொரு வேலையும் கொடுத்தது. உல்லாசப் பயணத்துக்கென வந்த அதே 1ரி4, 1ஆர்5 வால்வுகளைக் கொண்டு பிரித்தானியர் ஓர் இரகசிய வாங்கியைச் செய்தனர். பிஸ்கற் தகரத்தில் அடைத்து அனுப்பப்பட்டமையால் அதனைப் பிஸ்கற் வாங்கி என்றே அழைத்தனர். ஜேர்மனியரின் ஆதிக்கத்துக்குட்பட்ட ஐரோப்பிய நாடுகளிலே எதிர்ப்பியக்கத்தாரின் கைகளுக்கு அவை போய்ச் சேர்ந்தன. காதில் மாட்டும் கருவியால், ஒலி வெளியே கசியாமல் கேட்டனர். லண்டனிலிருந்து பீ.பீ.சி. பிரெஞ்சு மொழியிலே ஒலிபரப்பிய புதிர் வாக்கியங்கள் பல, உரியவர்க்கு மட்டுமே புரியும் கட்டளைகளாக இருந்தன. 1944 ஜூன் முதலாந் திகதியும் ஐந்தாந் திகதியும் பிரெஞ்சுக் கவிஞர் போல் வெர்லேனின் இலையுதிர்காலக் கவிதை ஒன்றின் அடிகள் அவ்வாறே ஒலித்தன. படையெடுப்பு நெருங்கிவிட்டது, புகையிரதப் பாதைகளைத் துண்டியுங்கள் என்பது அவ்வடிகளின் உட்பொருள். ஒரு நூற்றாண்டின் கவிதை மறு நூற்றாண்டின் போர்க்கட்டளையாயிற்று. அங்கே பற்றரி தீர்ந்துபோவது பாட்டு ஒன்றை இழப்பதோடு முடிவதில்லை. ஓர் இரவின் கட்டளையே தவறிவிடும்.

இனி, இக்கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். போர் முடிந்தபின் இந்த வரலாற்றின் மிக முக்கியமான பெட்டி அமெரிக்காவில் தோன்றவில்லை. அது தோன்றியது ஆபிரிக்காவை முன்னிட்டு. இன்று ஸாம்பியா எனப்படும் நாடு அன்று வட ரொடீஷியா என்ற பெயரில் பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தது. அதன் தலைநகரான லுசாக்காவில் போர்க்காலத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் அமைந்திருந்தது. ஆபிரிக்க மக்களுக்கு அவர்களுடைய மொழிகளிலேயே அது பேசியது. ஆனால் கேட்பதற்கு மக்களிடம் பெட்டி இல்லை. கிராமங்களில் மின்சாரமும் இல்லை. ஐரோப்பியருக்கென வந்த பெட்டியின் விலையோ சாதாரண தொழிலாளிக்கு எட்டாதது.

தகவல் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்த ஹாரி பிராங்ளின், மலிவான ஒரு பெட்டியைச் செய்து தரும்படி கம்பனிகளிடம் அலைந்தார். ஈற்றில் பிரித்தானியாவின் எவர் ரெடி கம்பனி இசைந்தது. 1949 இல் அந்தப் பெட்டி வெளிவந்தது. கைபிடியில்லாத அலுமினியச் சட்டியின் உருவம். ஒன்பது அங்குல விட்டம். நீல வர்ணம். கறையான் அரிக்காது, விழுந்தாலும் எளிதில் உடையாது. சோஸ்பான் ஸ்பெஷல் என்ற பெயரே அதற்கு நிலைத்தது. முகப்பு அழகு பார்க்கும் சேகரிப்பாளர் இதனைக் கண்டால் அடுக்களைப் பாத்திரமென்று ஒதுக்கிவிடவும் கூடும்.

விலையைப் பாருங்கள். பெட்டி 5 பவுண். பற்றரி 25 ஷிலிங். அது 300 மணித்தியாலம் நின்று பிடிக்கும். அக்காலத்துக் கணக்கிலே ஒரு ஷிலிங்குக்கு 12 பென்ஸ். ஆகவே 25 ஷிலிங் என்பது 300 பென்ஸ். 300 மணித்தியாலத்துக்கு 300 பென்ஸ். ஒரு மணித்தியாலம் கேட்க ஒரு பென்னி. மேலும், நான்கு பற்றரி வாங்கினால் பெட்டியின் விலையே வந்துவிடும் என்பதும் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது. ஏழையின் வானொலிக்குப் பெட்டி ஒருமுறைச் செலவு. பற்றரி முடிவில்லாத செலவு.

முதல் மூன்று மாதங்களில் 1,500 பெட்டிகளும், தொடர்ந்துவந்த சில ஆண்டுகளில் 50,000 வரையிலான பெட்டிகளும் விற்பனையாயின. ஒரு பெட்டியைச் சுற்றி அயலவர் கூடியிருந்து கேட்பதே வழக்கமாக இருந்தமையால், கேட்டோர் தொகை இதனிலும் பன்மடங்காகும். ஒரு பென்னியைப் பத்துப் பேர் பங்கிட்டுக் கேட்டார்கள் எனலாம். அலிக் உங்காட்டா போன்ற ஆபிரிக்கக் கலைஞர்களின் பாடல்கள் இந்தச் சட்டிகளின் வழியாகவே நாடெங்கும் பரவின. அந்நிலையத்தில் பணியாற்றிய பீற்றர் பிராங்கெல் 1959 இல் வெளியிட்ட வயலேஷி என்ற நூல் இந்த அனுபவங்களைப் பேசுவது. வயர்லெஸ் என்ற ஆங்கிலச் சொல்லை அம்மக்கள் தம் நாவுக்கேற்ப வழங்கிய வடிவமே அந்தத் தலைப்பு. பொருளை வாங்கியவர்கள் சொல்லையும் தமதாக்கிக்கொண்டார்கள்.

எனினும் கதையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மலிவான பெட்டியை மக்களுக்குக் கொடுத்த அரசாங்கம், தன் குரலை மக்கள் நம்பவேண்டும் என்ற நோக்கோடுதான் கொடுத்தது. 1953 இல் ஆபிரிக்க மக்களின் எதிர்ப்பைப் புறக்கணித்து இரு ரொடீஷியாக்களையும் நியாசலாந்தையும் இணைத்துக் கூட்டாட்சி அமைக்கப்பட்டபோது, வானொலி அரசாங்கத்தின் பக்கமே பேசுகிறது என்ற ஐயம் கேட்போரிடையே வளர்ந்தது. பாட்டுக்குச் செவிகொடுத்தவர்கள் செய்தியைச் சந்தேகித்தார்கள். தம் பென்னியைச் செலவிட்டுக் கேட்பவனுக்கு எதை நம்புவது என்று தீர்மானிக்கும் உரிமையும் உண்டு. 1964 ஒக்டோபர் 24 ஆந் திகதி அந்நாடு ஸாம்பியா என்ற பெயரில் சுதந்திரமடைந்தது.

இதே 1949 ஆம் ஆண்டு நமது நாட்டின் வானொலி வரலாற்றிலும் முக்கியமானது. தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் போர்க்காலத்தில் தன் படைவீரருக்கென இங்கு நிறுவிய சியாக் வானொலியின் வலுமிக்க சிற்றலை ஒலிபரப்பி அவ்வாண்டிலேயே ரேடியோ சிலோனின் கைக்கு வந்தது. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகிய பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலே சினிமாப் பாடல்களைத் தடுத்தபோது, இந்திய நேயர்கள் தம் வால்வுப் பெட்டிகளின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். ஆபிரிக்கக் கிராமத்திலும் இந்திய நகரத்திலும் நடந்தது ஒன்றே. எதைக் கேட்பது என்பதை நிலையத்தார் மாத்திரம் தீர்மானிக்கவில்லை. பெட்டியின் முள் கேட்பவர் கையில் இருந்தது.

வால்வு வானொலியின் முடிவு 1947 டிசெம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. அங்கே உருவான ட்ரான்சிஸ்டருக்குச் சூடாக்கவேண்டிய இழை இல்லை. எனவே ஏ பற்றரியும் வேண்டாம். 1954 ஒக்டோபர் 18 ஆந் திகதி ரீஜென்சி டி.ஆர். 1 என்னும் நான்கு ட்ரான்சிஸ்டர்கள் கொண்ட சட்டைப்பை வானொலி 49 டொலர் 95 சதத்துக்கு அறிவிக்கப்பட்டது. 22½ வோல்ற் பற்றரி ஒன்றே அதற்குப் போதுமாயிருந்தது. அதே ஆண்டின் ஜனவரி இறுதி இரவில், பண்பலை முறை தொடர்பான நீண்ட வழக்குகளால் நொந்துபோயிருந்த ஆம்ஸ்ட்ரோங் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கடற்கரையில் அவர் பக்கத்திலிருந்த மரியன் அவ்வழக்குகளைத் தாமே தொடர்ந்து நடத்தினார். கடைசி வழக்கில் 1967 இல் வெற்றி கிடைத்தது.

பழையது போய்ப் புதியது வருவது ஒரே நாளில் நடப்பதில்லை. 1955 இல் எமர்சன் கம்பனி வெளியிட்ட 838 என்னும் சிறு பெட்டியில் மூன்று நுண்வால்வுகளும் இரண்டு ட்ரான்சிஸ்டர்களும் அருகருகே குடியிருந்தன. ஸெனித் கம்பனி 1957 இல் ட்ரான்சிஸ்டர் வைத்த ட்ரான்ஸ் ஓஷனிக்கை வெளியிட்டபின்னும், வால்வு வைத்ததனை 1962 வரை கைவிடவில்லை. இத்தகைய இடைக்காலப் பெட்டிகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு.

இப்பெட்டிகளைத் தேடுவோர் கைக்கொள்ளும் சில நுட்பங்களைச் சொல்வதும் பயன்தரும். அமெரிக்கப் பெட்டியின் அலைமுகப்பில் 640, 1240 என்ற இடங்களில் சிறு முக்கோணக் குறிகள் இருந்தால், அது 1953 க்கும் 1963 க்கும் இடையில் செய்யப்பட்டதென்று கொள்ளலாம். அணுகுண்டுத் தாக்குதல் வந்தால் மக்கள் திருப்பவேண்டிய இடங்கள் அவை. கடற்கரைக்குக் கொண்டுபோகும் பெட்டியிலும் அந்த அச்சம் பொறிக்கப்பட்டிருந்தது.

பின்புற அறையில் பழைய பற்றரி கிடந்து கசிந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பர். கசிந்த இரசாயனம் உலோகத்தை அரித்திருக்கும். உள்ளே உள்ள காகிதக் கொள்ளளவிகள் காலத்தால் பழுதடைந்திருக்கும் ஆகையால், அவற்றை மாற்றாமல் மின்சாரம் கொடுப்பது ஆபத்து. இழைகள் மிக மெல்லியவை. கூடுதலான அழுத்தம் ஒரு கணம் பட்டாலும் அறுந்துவிடும். பற்றரியிலும் சுவர் மின்சாரத்திலும் இயங்கக்கூடிய அமெரிக்கப் பெட்டிகள் 117 வோல்ற்றுக்கு அமைந்தவை. நமது நாட்டின் 230 வோல்ற்றில் நேரே செருகினால் அதோடு அவற்றின் ஆயுள் முடிந்தது. மின்மாற்றி இல்லாத பெட்டிகளில் உலோகப் பாகங்களே மின்சாரம் ஏறியவையாக இருக்கக்கூடும் என்பதால், அனுபவமுள்ள ஒருவரின் உதவியின்றி உள்ளே கைவைத்தல் கூடாது.

சில வால்வுகள் எளிதிற் கிடைக்கும். வேறு சில அருகிவிட்டன. 1951 இல் வந்த ட்ரான்ஸ் ஓஷனிக்கின் 1எல்6 என்னும் வால்வு அவற்றுள் ஒன்று. வால்வு இல்லாத பெட்டி மலிவாகக் கிடைத்து, வால்வு விலையேறிக் கிடைப்பதும் உண்டு. பழைய 90 வோல்ற் பற்றரி இன்று கடையில் கிடையாது. ஆகவே 9 வோல்ற் பற்றரிகள் பத்தைத் தொடராக இணைத்து, அந்தக் காலத்துப் பற்றரியின் உறையைப் போலவே காகிதத்தில் அச்சிட்டுச் சுற்றி உள்ளே வைக்கின்றனர்.

இனித்தான் சிந்திக்கவேண்டிய விடயம் வருகிறது. ட்ரான்ஸ் ஓஷனிக் இன்று ஏலங்களில் தாராளமாக வருகிறது. அதன் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் உள்ளன. ஐம்பதினாயிரம் வரை விற்ற சோஸ்பான் பெட்டியோ அரிதாகவே கண்ணிற் படுகிறது. காரணம் வெளிப்படை. 75 டொலர் கொடுத்து வாங்கியவர் அதனைத் துடைத்து, உறையிட்டு, விடுமுறைக்கு மட்டும் எடுத்தார். புதியது வந்ததும் பழையதைப் பரணில் வைத்தார். பரண் உள்ள வீடு அவருக்கு இருந்தது. சோஸ்பான் வாங்கியவர் அதனை நாள்தோறும் பாவித்தார். தேயும்வரை பாவித்தார். தேய்ந்தபின் அலுமினியம் அலுமினியமாகப் பயன்பட்டிருக்கும். அதிகம் கேட்கப்பட்ட பெட்டி அழிந்தது. குறைவாகக் கேட்கப்பட்ட பெட்டி பிழைத்தது.

ஏடு தேடிய நம் முன்னோரின் கதையும் இதனை ஒத்ததுதான். 1887 ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தனர். ஆதீனங்களிலும் வித்துவான்களின் வீடுகளிலும் பேணப்பட்ட ஏடுகள் அவர்களுடைய கைக்கு எட்டின. திண்ணைகளில் நாள்தோறும் புரட்டப்பட்டு, மாணவர் கைபட்டுத் தேய்ந்த ஏடுகள் எத்தனை மறைந்தனவோ! பேணியவர் வைத்திருந்ததே நமக்குக் கிடைத்தது. அது முழுமை என்று நாம் மயங்கிவிடலாகாது.

ஆகவே சேகரிப்பாளர் ஒருவர் அழகான பெட்டிகளை மட்டும் வரிசையாக அடுக்கி வைத்தால், அவர் காப்பாற்றுவது வசதியுள்ளோரின் ஓய்வுநேர வரலாற்றை மாத்திரமே. அழுக்கேறியது, கைபிடி உடைந்து கயிறு கட்டப்பட்டது, திருத்துபவர் பென்சிலால் உள்ளே திகதி எழுதிவைத்தது, பற்றரி மாற்றிய நாளைக் குறித்துக் காகிதம் ஒட்டியது ஆகிய பெட்டிகளே வரலாற்றை அதிகம் பேசுகின்றன. புதுப்பிக்கிறோம் என்று அவற்றைச் சுரண்டி, வர்ணம் பூசி, கடைச் சரக்காக்கிவிடுவது ஏட்டின் ஓரக் குறிப்புகளை வெட்டியெறிவதற்குச் சமமானது. செத்த பற்றரியைக்கூட எறியாமல், கசிவைத் துடைத்து, தனியே வைத்துப் பாதுகாக்கும் சேகரிப்பாளரும் இருக்கின்றனர். விலை அச்சிட்ட அந்தச் சிறு காகிதம்தான் ஒரு மணித்தியாலத்தின் கணக்கை நமக்குத் தரும்.

இன்று இப்பெட்டிகளுக்கு உயிரூட்டுவோர் மற்றொரு குறையைச் சந்திக்கின்றனர். பெட்டி பேசத் தயாராகும்போது பேச நிலையம் இல்லை. ஜேர்மனியின் டொய்ச்லாண்ட்ஃபுங்க் 2015 இறுதியோடு மத்திய அலையை நிறுத்திவிட்டது. 1941 இல் தொடங்கிய பீ.பீ.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 ஆந் திகதியோடு முடிவுற்றது. சிற்றலைப் பட்டையில் முள்ளை நகர்த்தினால் முன்னர் நிலையங்கள் நெருக்கியடித்த இடங்களில் இரைச்சலே மிஞ்சுகிறது. சில சேகரிப்பாளர், வீட்டுக்குள் மட்டும் கேட்கும் சிறு ஒலிபரப்பி ஒன்றைச் செய்து, பழைய ஒலிப்பதிவுகளைத் தம் பெட்டிக்குத் தாமே அனுப்பிக் கேட்கின்றனர்.

நாம் இன்று விரும்பிய நேரத்தில், விரும்பிய குரலை, எண்ணிப் பாராமல் கேட்கிறோம். அன்று அப்படியில்லை. செய்தி நேரத்துக்குத் திறந்து, செய்தியும் ஒரு பாட்டும் கேட்டு, பற்றரி நாளைக்கும் வேண்டுமே என்று அணைத்தார்கள். அந்த அளவான நேரத்தில் கேட்டதை மறுநாள் முழுவதும் பேசினார்கள். வானொலிக்கு எழுதிய நம் எழுத்தாளர்களும் அத்தகைய செவிக்கே எழுதினர். சொல்லை வீணாக்கினால் அது பிறருடைய பற்றரியை வீணாக்குவதாகும். அவர்களுடைய நாடகங்களையும் உரைச்சித்திரங்களையும் ஏட்டில் படிக்கும்போது, அக்கரையில் அமர்ந்து அவற்றைக் கேட்டவரின் கையில் எவ்வளவு பற்றரி மிஞ்சியிருந்தது என்பதையும் நினைத்துப் படிப்பது நன்று.